விற்கப்பட்ட பார்வை: எம்பயர் ஸ்ரேற் கட்டடமும் அதன் உச்சியை அடைந்தோரும்

எம்பயர் ஸ்ரேற் கட்டடம் 1931ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்க சனாதிபதி ஹூவர் வோஷிங்ரனிலிருந்தவாறே ஒரு பொத்தானை அழுத்தினார் என்றும், நியூயோர்க்கில் விளக்குகள் ஒளிர்ந்தன என்றும் அக்கட்டடத்தின் வரலாற்றை எழுதியோர் தவறாது குறிப்பிடுவர். அத்திகதிக்கும் உலகத் தொழிலாளர் தினத்துக்கும் எத்தகைய தொடர்புமில்லை. நியூயோர்க்கின் வர்த்தக வாடகை ஒப்பந்தங்கள் வழமையாகத் தொடங்கும் நாள் மே முதலாந் திகதியாகும்; அந்நாளுக்கு முன்னர் அறைகள் வாடகைக்கு விடத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும் என்பதே முதலீட்டாளரின் கணக்கு. வரலாற்றுக்குச் சில வேளைகளில் அங்கத உணர்வு உண்டு போலும்.

அக்கணக்கு பொய்த்தது. கட்டடம் எழுவதற்கென ஐந்தாம் அவெனியூவிலிருந்த பழைய வோல்டோர்ப் அஸ்ரோரியா ஹோட்டலை இடிக்கத் தொடங்கியது 1929 ஒக்ரோபரில். அதே மாதத்தின் இறுதியிலேயே பங்குச் சந்தை சரிந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜோன் ராஸ்கொப்பும், 1928ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தலில் தோல்வியுற்ற முன்னைநாள் ஆளுநர் அல் ஸ்மித்தும் பின்வாங்கவில்லை. 1930 மார்ச்சில் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களில் 102 மாடிகளையும் 1,250 அடி உயரத்தையும் எட்டியது. ஆனால் வாடகைக்கு வருவோர் இலர். ஆங்கிலத்தில் 'எம்ரி' எனுஞ் சொல் வெறுமையைக் குறிக்கும். நகர மக்கள் கட்டடத்தின் பெயரைத் திரித்து 'எம்ரி ஸ்ரேற்' என்று எள்ளினர். பெருமந்தத்தின் அவ்வாண்டுகளில் கட்டடத்துக்குக் கைகொடுத்தது அதன் 86ஆம் மாடியிலிருந்த பார்வைத்தளமாகும். முதலாண்டில் பார்வையாளரிடமிருந்து பெற்ற வருமானம் சுமார் இருபது இலட்சம் டொலர். அலுவலகங்களின் வாடகையாற் கிடைத்த தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அறைகளை விற்க முடியாதவிடத்துப் பார்வை விற்கப்பட்டது.

இவ்வுண்மை அக்கட்டடத்தைப் பற்றிய கலைப் படைப்புகளையும் எழுத்துகளையும் மதிப்பிடுவதற்கு அடிப்படையானது. உயரம் என்பது அங்கு தேவையிலிருந்து பிறந்ததன்று. அண்மையிலேயே எழுந்த கிறைஸ்லர் கட்டடத்தை விஞ்ச வேண்டும் என்னும் போட்டியின் பேறு அது. 86ஆம் மாடிக்கு மேலுள்ள பகுதி ஆகாயக் கப்பல்களைக் கட்டி நிறுத்துவதற்கான கம்பம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் பிரயாணிகள் கால்மைல் உயரத்தில், வீசும் பெருங்காற்றில், ஒரு பலகையின் வழியே நடந்து நியூயோர்க்கினுள் இறங்குவர் என்று எதிர்பார்க்கப்பட்டதை இன்று நினைக்கையில் நகைப்பே தோன்றும். காற்று அதற்கு இடங்கொடுக்கவில்லை. பயனற்றுப்போன கம்பத்தின் உச்சியும் மற்றுமொரு பார்வைத்தளமாயிற்று. இன்றும் 102ஆம் மாடிக்குச் செல்ல மேலதிகக் கட்டணம் உண்டு.

இத்தகைய கட்டடத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு நிலைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். மனித ஆற்றலின் சிகரம் என வியந்து நிற்பது ஒன்று. முதலாளித்துவத்தின் ஆணவச் சின்னம் என ஒரே வசனத்தில் ஒதுக்கிவிடுவது மற்றையது. பின்னையதே முற்போக்கானது எனக் கருதுவோர் உளர். ஆயின் இரு சாராரும் கட்டடத்தைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தே தீர்ப்பு வழங்குகின்றனர் என்பது கவனிக்கப்படுவதில்லை. பிரெஞ்சு அறிஞரான மிசேல் டு சேர்ட்டோ 1980இல் வெளியான தமது நூலில் இன்னோர் எதிர்நிலையை முன்வைத்தார். அவர் நின்றது, 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி அழிக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் 110ஆவது மாடியில். மேலே நிற்பவனுக்கு நகரம் வாசிக்கத்தக்க ஒரு பிரதியாக விரிகிறது. கீழே நடப்பவனோ தன் காலடிகளால் அப்பிரதியை எழுதிக்கொண்டே அதனை வாசிக்க இயலாதவனாக இருக்கிறான் என்பது அவர் கருத்தின் சாரம். நுட்பமான கருத்து என்பதில் ஐயமில்லை. எனினும் மேலிருந்து பார்ப்பவன், கீழே நடப்பவன் ஆகிய இருவருக்கே அதில் இடமுண்டு. மேலே நின்று வேலை செய்தவன் எங்கே போனான்? உச்சியை முதலிலே கண்டவன் அவனல்லவா?

அவனைக் காட்டியவர் லூயிஸ் ஹைன். 1874இற் பிறந்த ஹைன் ஆசிரியராகத் தொடங்கிச் சமூக ஆய்வின் கருவியாகக் கமராவைக் கைக்கொண்டவர். 1908 முதல் தேசிய சிறுவர் தொழிற் குழுவின் சார்பில் பருத்தியாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் அவர் எடுத்த படங்கள், அமெரிக்காவின் சிறுவர் தொழில் எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆயுதமாயின. தீயணைப்புப் பரிசோதகர் என்றும் வேதாகமம் விற்பவர் என்றும் பொய்கூறி ஆலைகளுக்குள் நுழைந்தார். சிறுவரின் பெயர், வயது, வேலை, கூலி ஆகியவற்றை ஒளிவுமறைவாகக் குறித்துக்கொண்டார். உயரத்தைத் தமது மேற்சட்டையின் பொத்தான்களைக் கொண்டு அளந்தார் என்பர். அப்படங்கள் குற்றச்சாட்டுகள், பெயரும் எண்ணும் அவற்றின் சாட்சியங்கள்.

அதே ஹைன், 1930இல் எம்பயர் ஸ்ரேற் கட்டுமானத்தைப் படம்பிடிக்க அமர்த்தப்பட்டபோது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். பாரமான கமராவோடு உருக்கு விட்டங்களின் மீதேறினார். கட்டடத்துக்கு வெளியே நீட்டித் தொங்கவிடப்பட்ட கூடையில் நின்றும் படமெடுத்தார். தறையாணிக் குழுவினரை அவர் காட்டும் படங்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. நால்வர் கொண்டது அக்குழு. ஒருவன் உலையில் ஆணியைச் செஞ்சூடாக்கி இடுக்கியால் எறிவான். இன்னொருவன் அதனைத் தகரக் குவளையில் ஏந்தித் துளையிற் செருகுவான். மூன்றாமவன் அதன் தலையைத் தாங்கிப் பிடிக்க, நான்காமவன் காற்றழுத்தச் சுத்தியலால் மறுமுனையை அடித்து இறுக்குவான். எறியப்பட்ட ஆணி தவறுமாயின் கீழே நடப்பவன் உயிருக்கு ஆபத்து. ஏந்துபவன் அடி பிசகினால் அவனுயிருக்கே ஆபத்து. ஆயிரமடி உயரத்தில் நாள்முழுதும் நடைபெற்ற இக்கூட்டுச் செயலில், ஒருவனது கை மற்றவனது கண்ணை நம்பியிருப்பதை ஹைன் போல் உணர்த்தியவர் அரியர். உழைப்பு என்னுஞ் சொல்லை நூறு தடவை எழுதுவோர், உழைப்பாளியின் உடல் எவ்வாறு சாய்கிறது, எங்கே ஊன்றுகிறது என்பதை ஒருதடவையேனும் பார்த்திருப்பரா என்ற ஐயத்தை அப்படங்கள் எழுப்பும்.

எனினும் இப்படங்களை வியப்போடு நிறுத்திக்கொள்வது விமர்சனமாகாது. ஹைனுக்கு இம்முறை கூலி கொடுத்தது சீர்திருத்தக் குழுவன்று, கட்டட நிர்வாகம். உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு மூவாயிரத்து நானூறு பேர் வரை வேலை செய்த இக்கட்டுமானத்தில் ஐவர் இறந்தனர் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு. அதனிலும் கூடிய தொகையைக் கூறிய ஏடுகளும் அக்காலத்தில் இருந்தன. இறந்தோர் இப்படத்தொகுதியில் இல்லை. வேலை தேடி வாயிலில் நின்றோரும் இல்லை. சிறுவரின் பெயர்களைச் சட்டைப்பைக்குள் மறைத்துக் குறித்த கைகள், இங்கு பெரும்பாலானோரின் பெயர்களைக் குறிக்காமலே விட்டுள்ளன. இத்தொகுதியின் மிகப் புகழ்பெற்ற படம் இதற்கு உதாரணமாகும். வடமொன்றைப் பற்றிக்கொண்டு வெளியில் தொங்கும் ஓர் இளைஞன். பின்னே ஹட்சன் ஆறும் பனிமூட்டமும். படத்தின் பெயர் 'இக்காரஸ்'. மெழுகிற் பிணைத்த சிறகுகளுடன் சூரியனை நெருங்கி வீழ்ந்த கிரேக்கப் புராண இளைஞனின் பெயர் அது. நியூயோர்க்கின் தொழிலாளி தன் பெயரை இழந்து ஒரு தொன்மத்தின் பெயரைப் பெற்றான். அப்பெயரும் பொருந்துவதன்று என்றே கூறவேண்டும். இக்காரஸ் தந்தை சொல் மறந்து களியாட்டத்தில் வீழ்ந்தவன். இவனோ ஒவ்வோர் அசைவிலும் எச்சரிக்கையாயிருந்து மாலையில் வீடு திரும்ப வேண்டியவன்.

ஹைன் தம் கொள்கையை விற்றுவிட்டார் என்று இதனாற் கூறுவது அவசரமான முடிபாகும். இயந்திர யுகத்தின் புகழ் முழுவதும் இயந்திரத்துக்கே போய்ச்சேர்ந்த காலத்தில், அதன் பின்னே மனிதர் நிற்கின்றனர் என்பதை இளைஞருக்கு உணர்த்தவே இப்படங்கள் சிலவற்றைக்கொண்டு 1932இல் 'மென் அற் வேர்க்' என்னும் நூலை அவர் வெளியிட்டார். துன்பத்தில் மட்டுமே தொழிலாளியைக் காணும் கலை அவனை இரக்கத்துக்குரியவனாக்கும். திறமையிலும் அவனைக் காணும் கலை அவனுக்குச் சமநிலை அளிக்கும். சிறுவர் படங்கள் முன்னையதைச் செய்தன, அவை செய்யவேண்டியதும் அதுவே. எம்பயர் ஸ்ரேற் படங்கள் பின்னையதைச் செய்ய முயன்றன. குறை யாதெனில், திறமையைக் கொண்டாடும் படத்தைக் கட்டடத்தின் உரிமையாளர் தம் விளம்பரமாக்குதல் எளிது. பசித்த சிறுமியின் படத்தை ஆலை முதலாளி அவ்வாறு பயன்படுத்த முடியாது. ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார். அதற்கு முன்னரே தம் வீட்டையும் இழந்திருந்தார்.

இவ்விடத்து மோஹோக் தொழிலாளர் பற்றியும் ஒரு சொல். கனடாவின் மொன்றியால் நகரை அடுத்த கானவாக்கேயிலிருந்து வந்த இப்பழங்குடியினர் நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றின் உருக்கு வேலையிற் பங்குகொண்டனர். உயரத்துக்கு அஞ்சாமை அவர்தம் இரத்தத்திலேயே உள்ளது என்னுங் கதை இன்றும் உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. புகழ்ச்சி போலத் தோன்றும் இக்கதை உண்மையில் ஒரு களவாகும். 1907இல் கியூபெக் பாலம் இடிந்தபோது இறந்த எழுபத்தைந்து பேருள் முப்பத்து மூவர் கானவாக்கே மோஹோக்குகள். அச்சத்தை அறியாதவர் அல்லர் அவர். அறிந்தும் பயின்று ஏறியவர். பயிற்சியை இரத்தத்தின் இயல்பாக்கிவிட்டால் அதற்குரிய மதிப்பைக் கொடுக்கவேண்டிய அவசியம் ஒழிந்துபோகிறது.

சீட்டு வாங்காமல் உச்சிக்கு ஏறிய இன்னொருவன் கிங் கொங். மேரியன் கூப்பரும் ஏர்னெஸ்ற் ஷோட்சாக்கும் நெறிப்படுத்திய அத்திரைப்படம் 1933இல் வெளிவந்தது. கட்டடத்துக்கு அப்போது வயது இரண்டு. பொழுதுபோக்குப் படம் என்று பலராற் புறக்கணிக்கப்படும் இப்படைப்பு, பார்வையை விற்றலையே தன் பொருளாகக் கொண்டது என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலப்படும். பெருமந்தத்தின் நியூயோர்க்கில் கதை தொடங்குகிறது. பழக்கடையில் ஓர் அப்பிளைத் திருட முற்பட்டுப் பிடிபடும் பசித்த பெண்ணொருத்தியைப் படத்தயாரிப்பாளனான கார்ல் டென்ஹாம் கண்டெடுத்துக் கப்பலேற்றுகிறான். அவன் தேடிச் செல்வது எவருங் காணாத ஒரு காட்சியை. கொங்கை அவன் சங்கிலியிற் பிணைத்துக் கொணர்ந்து நாடக அரங்கில் கட்டணத்துக்குக் காட்டுகிறான். சங்கிலியை அறுத்த கொங் ஏறுவதோ கட்டணத்துக்குக் காட்சி விற்கும் மற்றோரிடத்தின் உச்சிக்கு! விமானங்கள் சூழ்ந்து சுட, அவன் வீழ்கிறான். சுடும் விமானமொன்றில் அமர்ந்திருப்போராக நெறியாளர் இருவரும் தாமே தோன்றினர் என்பது, அவர்கள் கருதியோ கருதாமலோ, படத்தின் கூர்மையான விமர்சனமாக அமைந்துவிட்டது. காட்சியைப் படைத்தவரே அதனைக் கொன்றவர்.

ஆயினும் இப்படத்தின் அனுதாபத்துக்கு ஓர் எல்லையுண்டு. கொங் பிடிபடும் தீவு சுமாத்திராவுக்கு மேற்கே, அதாவது நமது கிழக்குக் கரைக்கு அப்பால் விரியும் அதே சமுத்திரத்தில் இருப்பதாகக் கதை கூறுகிறது. அத்தீவின் மக்கள் மேளமடித்துப் பலிகொடுக்கும் கறுத்த உருவங்களாகவன்றி மனிதராக ஒரு கணமேனும் காட்டப்படவில்லை. வீழும் கொங்குக்குக் கிடைக்கும் கண்ணீர், அவனால் மிதியுண்டு மாளும் தீவினருக்குக் கிடைப்பதில்லை. இந்து சமுத்திரத்தின் இக்கரையில் இருந்து இப்படத்தைப் பார்க்கும் ஒருவர், தொழில்நுட்ப வித்தகரான வில்லிஸ் ஓபிரையனின் சாதனையை மெச்சும் அதே வேளையில் இதனை மறந்துவிட முடியாது. பிற்காலத்தில் கட்டட நிர்வாகம் கொங்கை மனமுவந்து தத்தெடுத்துக்கொண்டது. படத்தின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 1983இல் காற்றடைத்த கொங் உருவமொன்றைக் கட்டடத்தின் மீது கட்டினர். காற்றிற் கிழிந்து, ஒழுங்காக ஊதப்படாமல் அது தொங்கியது.

ஹெலன் கெல்லர் 1932 ஜனவரியில் எழுதிய கடிதம் இவற்றினின்றும் வேறுபட்டது. கண்பார்வையும் செவிப்புலனும் இழந்த கெல்லர் கட்டடத்தின் உச்சிக்குச் சென்று திரும்பியதும், அங்கு நீங்கள் கண்டது யாது என ஜோன் ஃபின்லி என்பார் வினவினார். அதற்கு விடையே அக்கடிதம். தம்மை அழைத்துச் சென்றோர் கண்டதைக் காட்டிலும் தாம் மனத்தாற் கண்டது குறைவுடையதன்று என வாதிக்கும் கெல்லர், அமெரிக்காவின் உலகியல் மோகத்தையும் இயந்திர நாகரிகத்தையும் இகழ்வோரை மறுத்து, அவற்றின் அடியில் கவிதையும் ஆன்மிக வேட்கையும் உள்ளன என்றும் அவற்றுக்கு இக்கட்டடம் சான்றாகிறது என்றும் எழுதினார். 1909இல் சோசலிசக் கட்சியில் இணைந்தவர், வேலைநிறுத்தங்களை ஆதரித்தவர், முதலாளித்துவத்தைக் கடுமையாகச் சாடியவர் இவ்வாறு எழுதினார் என்பது இயந்திரப்பாங்கான விமர்சகருக்குச் சங்கடமளிக்கும். வயது முதிர்ந்தபோது ஏற்பட்ட சறுக்கல் என அவர் தப்பித்துக்கொள்ளக்கூடும். அது பொருந்தாது. பார்வைத்தளத்தில் விற்கப்படும் பண்டம் கெல்லருக்குப் பயன்படாதது. கட்டணஞ் செலுத்திப் பெறுவதற்கு அங்கு அவருக்கென எதுவும் இல்லை. காட்சியைத் தம் உழைப்பால், கற்பனையின் உழைப்பால், அவர் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கட்டடத்தைப் பற்றிய எழுத்துகளுள் அக்கடிதம் இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம் இதுவெனலாம். கண்ணுடையோர் எழுதிய எத்தனையோ வர்ணனைகளில் வாகனங்கள் எறும்புகளாகின்றன, மனிதர் புள்ளிகளாகின்றனர், அதற்குமேல் ஏதுமில்லை.

அன்டி வோர்ஹோலின் 'எம்பயர்' பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. 1964 ஜூலை 25ஆந் திகதி மாலை தொடங்கி மறுநாள் அதிகாலை வரை, வேறொரு கட்டடத்தின் 41ஆவது மாடியிலிருந்து, கமராவை அசைக்காமல் எடுக்கப்பட்ட மௌனப் படம். வேகங் குறைத்துத் திரையிடும்போது எட்டு மணித்தியாலங்கள் ஓடும். விளக்குகள் எரிகின்றன, அணைகின்றன. முழுமையாக இருந்து பார்த்தோர் சிலரே. பார்க்கும் பொருளைவிடப் பார்க்கும் செயலே சலிப்பூட்டும் ஒன்றாக இங்கு வெளிப்படுகிறது என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் மனிதர் எவருமில்லாத கட்டடத்தைக் காட்டுவதில் வோர்ஹோலும் அஞ்சலட்டை வியாபாரியும் ஒன்றுபடுகின்றனர்.

இன்று அங்கு செல்வோர், கோவிட் முடக்க ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கென 2018இல் 34ஆம் வீதியில் தனிவாயில் திறக்கப்பட்டது. அலுவலகங்களுக்குச் செல்வோரின் வழி வேறு. மின்னுயர்த்தியில் ஏறுமுன் அவர்கள் 2019இற் புதிதாக அமைக்கப்பட்ட காட்சிக்கூடங்களைக் கடந்தே செல்லவேண்டும். ஓர் அறையிற் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் கொங்கின் விரல்களுக்கிடையே நின்று படமெடுக்கலாம். வேறோரிடத்தில் விட்டங்களும் வெண்கலத் தொழிலாளரும். அவர்களருகே நின்றும் படமெடுக்கலாம். தொழிலாளர் மறக்கப்பட்டனர் என்ற பழைய குற்றச்சாட்டை நிர்வாகத்தின் மீது இனிச் சுமத்த இயலாது. சிறந்த வேலைத்திறனுக்காகப் பாராட்டுப் பெற்ற தொழிலாளர் சிலரின் பெயர்களைப் பொறித்த பலகையும் முன்கூடத்தில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயின் நினைவுகூரும் முறையே இங்கு சிக்கலாகிறது. பலகை பெயர்களைத் தருகிறது. அதன்முன் நின்று எவரும் படமெடுப்பதாயில்லை. வெண்கல உருவம் தோளில் கைபோட இடந்தருகிறது. அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. கொங்கும் தறையாணிக்காரனும் ஒரே வழியில், ஒரே கட்டணத்தில், அடுத்தடுத்த அறைகளில் வைக்கப்பட்டுள்ளனர்.

இதன் அடுத்த கட்டத்தைக் காண்பதற்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலுள்ள ரொக்கபெலர் மையத்துக்குச் செல்லவேண்டும். விட்டமொன்றில் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்ணும் பதினொரு தொழிலாளரின் படத்தை அறியாதார் இலர். எம்பயர் ஸ்ரேற்றில் எடுக்கப்பட்டதென்றும் ஹைன் எடுத்ததென்றும் அடிக்கடி தவறாகக் கூறப்படும் அப்படம், 1932 செப்ரெம்பர் 20ஆந் திகதி ரொக்கபெலர் மையத்தில், அக்கட்டடத்தின் விளம்பரத்துக்கென ஒழுங்குசெய்து எடுக்கப்பட்டது. எடுத்தவர் யாரென்பதும், பதினொருவருட் பெரும்பாலானோர் யாவரென்பதும் இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. 2023 டிசெம்பரில் அங்குள்ள பார்வைத்தளத்தில் 'த பீம்' என்னும் பெயரில் ஓர் இயந்திர விட்டம் பொருத்தப்பட்டது. பயணிகள் வரிசையாக அமர்ந்து இடுப்பைப் பட்டியாற் பிணைத்துக்கொள்வர். விட்டம் தளத்திலிருந்து சுமார் பன்னிரண்டு அடி உயர்ந்து, நகரத்துக்கு முதுகுகாட்டித் திரும்பும். படம் எடுக்கப்படும். பின்னர் இறங்கி அடுத்த குழுவினருக்கு இடம்விடுவர். இதற்கான கட்டணம் நுழைவுச் சீட்டின் விலையில் அடங்காது.